பிரமுகர்களுக்கு முதுகு காட்டிய மிஸ் டோல்மி

எஃபி டோல்மிக்கு இருபது வயதில் வலது இடதாகவும் இடது வலதாகவும் மாறிப்போயின. அது நோய் அல்ல, படித்த படிப்பு.

அவள் 1906 மார்ச்சில் ஹியூரான் ஏரிக்கரையில் உள்ள கின்கார்டைனில் பிறந்தாள். அப்பா நாற்காலித் தொழிற்சாலையில் மரம் இழைப்பவர். பள்ளி முடிந்த கோடையில் எஃபியும் அதே தொழிற்சாலையின் வார்னிஷ் அறையில் வேலை பார்த்தாள். அந்த நெடி தலைமுடியில் ஏறி, கிறிஸ்துமஸ் வரை இறங்கவில்லை. மறுபடி அந்த அறைக்குள் கால் வைப்பதில்லை என்று முடிவெடுத்துக்கொண்டு, 1925 செப்டம்பரில் டொரண்டோவுக்கு ரயில் ஏறினாள். உடற்பயிற்சி ஆசிரியைகளைத் தயாரிக்கும் பள்ளி ஒன்று அங்கே பெண்களுக்கென்றே இருந்தது.

வகுப்பைப் பார்த்து நின்றுகொண்டு பயிற்சி சொல்லித்தர வேண்டும் என்பது அந்தப் பள்ளியின் முதல் பாடம். 'இடது கை மேலே' என்று வாய் சொல்லும்போது ஆசிரியையின் வலது கை மேலே போக வேண்டும். அப்போதுதான் எதிரே நிற்கும் பிள்ளைகள் கண்ணாடியைப் பார்ப்பதுபோலப் பார்த்து, தங்கள் இடது கையைத் தூக்குவார்கள். தலைமை ஆசிரியை மிஸ் லொரிமர் இதில் இம்மியும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"நீங்க யோசிச்சு மாத்தக் கூடாது. உடம்பு தானா மாறணும். யோசிக்கிற நேரத்துல நாப்பது பிள்ளைங்க நாப்பது திசையில போயிடும்," என்பார்.

விடுதி அறையில் அலமாரிக் கண்ணாடியின் முன்னால் எஃபியும் தோழி டல்சி பிரெத்தோரும் இதையே பழகினார்கள். கையில் கர்லாக்கட்டை, வாயில் கட்டளை. அலமாரியில் இரண்டு இடத்தில் சில்லு பெயர்ந்தது. முதல் குளிர்காலம் முடிவதற்குள் எஃபியின் உடம்பு மாறிவிட்டது. அதற்குப் பிறகுதான் சங்கடமே ஆரம்பித்தது. பனிச்சறுக்குத் திடலில் டல்சியின் கையைப் பிடித்துக்கொண்டு போகும்போது 'இடது பக்கம் திரும்பு' என்று சொல்லிவிட்டு எஃபி வலது பக்கம் இழுத்தாள். இருவரும் ஒரு பாதிரியாரின் மேல் போய் விழுந்தார்கள்.

"அடியே, உன்னைக் கட்டிக்கப்போறவன் பாவம்டீ," என்றாள் டல்சி, பனியைத் தட்டிக்கொண்டே. "மோதிரம் போடறப்ப எந்தக் கைய நீட்டுவ?"

"எது கிட்ட இருக்கோ அது."

"அவன் பக்கத்துல நின்னா?"

"எதிர்ல வந்து நிக்கச் சொல்வேன்."

1927 ஜூனில் இருவருக்கும் பட்டயம் கிடைத்தது. வேலைதான் கிடைக்கவில்லை. பள்ளிகளில் உடற்பயிற்சி என்றால் அது ராணுவ சார்ஜண்ட் நடத்தும் அணிவகுப்பு என்றே பல ஊர்களில் இருந்தது. ஆண் பிள்ளைகளுக்கும் அதுதான், பெண் பிள்ளைகளுக்கும் அதுதான். எஃபி கின்கார்டைனுக்குத் திரும்பி, வார்னிஷ் அறை இருக்கும் தெருவைத் தவிர்த்து நடந்துகொண்டிருந்தபோது ஃபோர்ட் வில்லியமிலிருந்து ஒரு வாய்ப்பு வந்தது. சுப்பீரியர் ஏரிக்கரையில் தானியக் கிடங்குகள் வானத்தை மறைக்கும் ஊர். அங்கே உயர்நிலைப் பள்ளி ஒன்றின் நிர்வாகக் குழு இரண்டாகப் பிரிந்து நின்றது. பாதிப் பேர் பெண் ஆசிரியை வேண்டும் என்றார்கள், பாதிப் பேர் எதற்கு என்றார்கள். கடைசியில் ஒரு பருவம் வைத்துப் பார்ப்பது, மே மாத உடற்பயிற்சி ஆண்டுக் காட்சி முடிந்த உடனே ஓட்டெடுப்பு நடத்துவது என்று முடிவானது. ஓட்டு விழுந்தால் நிரந்தர வேலை. இல்லையென்றால் பெண்கள் சார்ஜண்டின் அணிவகுப்புக்குத் திரும்புவார்கள், எஃபி வார்னிஷ் அறைக்குத் திரும்புவாள்.

1928 ஜனவரியில், மூக்கு நுனி உறையும் குளிரில் வந்து இறங்கினாள். முதல் நாள் அறுபது பெண்கள் வரிசையில் வந்து விறைத்து நின்றார்கள். நட என்றால் நடந்தார்கள், நில் என்றால் நின்றார்கள். 'குதி' என்றதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

குழுத் தலைவரின் மகள் மியூரியல் கிரானேஜ், கொஞ்சம் பருமனான பெண், கடைசி வரிசையிலிருந்து கை தூக்கினாள். "மிஸ், குதிச்சா ஒண்ணும் ஆகாதா?"

"ஆகும். பசிக்கும்."

முன்வரிசையில் ஐனோ லெஹ்தோனன் மட்டும் சிரித்தாள். ஃபின்லாந்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அவளுடையது. அவர்களுடைய சங்கக் கூடத்தில் அம்மாக்களே வாரம் தவறாமல் உடற்பயிற்சி செய்வார்கள். அன்று ஐனோ முதலில் குதித்தாள், பிறகு எல்லாரும் குதித்தார்கள். ஏப்ரலுக்குள் சுவர்க் கம்பிகளில் தொங்கினார்கள், மரப்பெட்டியைத் தாண்டினார்கள், கர்லாக்கட்டை சுழற்றினார்கள். மியூரியல் தானாகவே இரண்டாவது வரிசைக்கு வந்துவிட்டாள். ஐனோவின் அம்மா சனிக்கிழமைதோறும் ஏலக்காய் ரொட்டி கொடுத்தனுப்பினாள்.

அதுவரை அணிவகுப்பு நடத்திவந்த சார்ஜண்ட் புல்மர் அடிக்கடி கதவோரம் வந்து நிற்பார். போரில் ஒரு முழங்கால் போனவர், ஆனால் குரல் போகாதவர்.

"உங்க கொரல் பத்தாது மிஸ்," என்பார். "நான் அட்டென்ஷன் சொன்னா ஏரில இருக்கற மீனும் வெறச்சு நிக்கும்."

"அதான் இந்த ஊர்ல மீனே சிக்க மாட்டேங்குது போல."

"சிரிங்க, சிரிங்க. காட்சி நடக்கற படைக் கூடத்துல வந்து நின்னு பாருங்க. அங்க கத்தறது கூரைக்குப் போய், டீ குடிச்சிட்டுத்தான் திரும்பி வரும்."

"என் பிள்ளைங்க காதால கத்துக்கறதில்ல சார்ஜண்ட். கண்ணால கத்துக்கறாங்க."

காட்சி நாள் 1928 மே 18, வெள்ளிக்கிழமை. படைக் கூடம் மாலை ஐந்து மணிக்கே நிரம்பத் தொடங்கிவிட்டது. ரயில்வே ஆட்கள், கிடங்கு ஆட்கள், ஒரு மூலை முழுக்க ஃபின்னிஷ் அம்மாக்கள். முன்னால் மேடை போட்டு நகரத் தலைவர், படை அதிகாரி, நிர்வாகக் குழு எல்லாருக்கும் நாற்காலிகள். எஃபி முழங்கால் வரை வரும் நீலச் சீருடையும் கறுப்புக் காலுறையுமாகக் கர்லாக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். குழுத் தலைவர் கிரானேஜ் வேகமாக வந்தார்.

"மிஸ் டோல்மி, நீங்க நிக்கப்போற எடம் இதுவா?"

"ஆமாங்க ஐயா. பிள்ளைங்களப் பாத்து நிப்பேன்."

"அப்ப உங்க முதுகு யாரப் பாக்கும்?"

எஃபி மேடையைப் பார்த்தாள். விஷயம் புரிந்தது.

"நகரத் தலைவருக்கு முதுகு காட்டி நிக்கறதா? சார்ஜண்ட் ஒம்பது வருஷமா மேடையப் பாத்துத்தான் நிக்கறாரு, சல்யூட் அடிக்கறாரு. நீங்களும் அப்படியே நில்லுங்க. பிள்ளைங்க உங்க பின்னால நிக்கட்டும்."

"அவரு வாயால மட்டும் சொல்றவரு ஐயா. நான் செஞ்சு காட்டணும். இவங்க என் கையப் பாத்துப் பழகினவங்க."

"பின்னால நின்னாலும் கை தெரியுமில்ல? மரியாதைன்னு ஒண்ணு இருக்கு. இன்னிக்கு ராத்திரி ஓட்டு இருக்கறதையும் மறந்துடாதீங்க."

அவர் போய்விட்டார். பின்னால் நிற்கும் பிள்ளைகளுக்கு அவள் கண்ணாடி ஆக முடியாது. அவர்கள் இடது என்றால் அவளுக்கும் இடதே. உலகத்தில் யாரைக் கேட்டாலும் இது சுலபம் என்பார்கள். மூன்று வருடமாக உடம்பைத் திருப்பிப் போட்டவளுக்கு அல்ல. உடை மாற்றும் அறையில் போய்ச் சுவரைப் பார்த்து நின்று 'இடது' என்று சொல்லிப் பார்த்தாள். வலது கை எழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சொன்னாள். மறுபடியும் வலது கையே எழுந்தது. மூன்றாவது தடவை இரண்டு கையும் எழுந்தன. அப்போது வெளியே வாத்தியக்குழு முழங்க ஆரம்பித்துவிட்டது.

அறுபது பெண்கள் நடந்து வந்து வரிசை பிரிந்தார்கள். நல்ல கைத்தட்டல். எஃபி மேடையைப் பார்த்து நின்று தலை தாழ்த்தினாள். கிரானேஜ் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பியானோ தொடங்கியது.

"இடது கை, சுழற்று!"

சார்ஜண்ட் சொன்னது உண்மை. குரல் கூரைக்குப் போய்விட்டது. முன்வரிசைக்கு மட்டும் கேட்டது. அவர்கள் இடது கையைச் சுழற்றினார்கள். பின்வரிசைகள் அவளுடைய கையைப் பார்த்தன. அது வலது கை. அவர்கள் வலது கையைச் சுழற்றினார்கள். கட்டையோடு கட்டை மோதியது. ஒரு கட்டை பறந்துபோய்த் தரையில் உருண்டு, சுற்றிச் சுற்றி வந்து, மேடையின் அடியில் போய் நின்றது.

கூடம் முழுக்கச் சிரிப்பு. "கட்டை பறக்குது, தலையக் குனிஞ்சுக்கோங்கப்பா," என்று ஒரு ரயில்வேக்காரன் கத்தினான். கிரானேஜின் முகம் சிவந்தது. எஃபி திரும்பிப் பார்த்தாள். மியூரியல் ஒற்றைக் கட்டையோடு நின்றாள். ஐனோ மட்டும் கட்டைகளைக் கீழே இறக்காமல் எஃபியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை இதே மாதிரி ஆரம்பித்தால் இன்னொரு கட்டை பறக்கும், இந்தப் பிள்ளைகள் ஆயுசுக்கும் கர்லாக்கட்டையைத் தொட மாட்டார்கள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். நகரத் தலைவர், படை அதிகாரி, ஓட்டுப் போடப்போகிற அத்தனை பேரும் அவளுடைய முதுகுக்குப் பின்னால் போனார்கள். மேடையில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. அவள் மேடைக்கு அடியில் குனிந்து கட்டையை எடுத்து, மியூரியலிடம் கொடுத்தாள்.

"பயந்துட்டியா?"

"ஆமா மிஸ்."

"நானுந்தான். என்னையே பாரு, போதும்."

அவள் கையைத் தூக்கினாள். வாயே திறக்கவில்லை. பியானோ வாசித்தவர் புரிந்துகொண்டு மறுபடி தொடங்கினார். எஃபியின் வலது கை சுழன்றது. எதிரே அறுபது இடது கைகள் சுழன்றன. இப்போது யோசிக்க ஒன்றும் இல்லை. உடம்பு தன் வீட்டுக்கு வந்துவிட்டது. கட்டைகள் தலைக்கு மேலே போயின, தோளுக்குப் பின்னால் விழுந்தன, முன்னால் விரிந்தன. பியானோவை வேகமாக்கச் சொல்லித் தலையசைத்தாள். இன்னும் வேகம். ஒரு கட்டைகூட உரசவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. ஃபின்னிஷ் அம்மாக்களின் மூலையில் காலால் தாளம் போட ஆரம்பித்தார்கள். அது பரவி, பலகைத் தரை அதிர்ந்தது. பிறகு மரப்பெட்டி வந்தது. ஓடி வந்து, கை ஊன்றி, ஒருவர் பின் ஒருவராகத் தாண்டினார்கள். ஐனோ தாண்டியபோது சீருடையின் மடிப்புகள் குடைபோல விரிந்தன. கடைசியில் மியூரியல் ஓடி வந்தாள். பெட்டியின் மேல் ஒரு கணம் உட்கார்ந்துவிட்டாள், உடனே மறுபக்கம் குதித்து, கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். கூடம் எழுந்து நின்றது.

ஓட்டெடுப்புக்குக் குழு பக்கத்து அறைக்குள் போனது. கதவு மெல்லியது. வெளியே கர்லாக்கட்டைகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டிருந்த எஃபிக்கும் சார்ஜண்டுக்கும் எல்லாம் கேட்டது.

"காட்சி முழுக்க முதுகக் காட்டிட்டா," என்றது கிரானேஜின் குரல்.

"உங்க பொண்ணு மூஞ்சப் பாத்தீங்களா கிரானேஜ்?" என்றார் வேறொருவர். "ஒம்பது வருஷமா காட்சி பாக்கறேன். இந்தப் பிள்ளைங்களுக்குப் பல்லு இருக்கறதே இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

சார்ஜண்ட் இருமினார். "அவரு என்னைக் குத்தறாரு," என்றார் எஃபியிடம்.

"நீங்க மீனுக்குச் சொல்லிக் குடுங்க சார்ஜண்ட்."

கதவு திறந்தது. கிரானேஜ் வெளியே வந்து அவள் முன்னால் நின்றார்.

"எனக்கு முதுகக் காட்டினீங்க மிஸ் டோல்மி."

"ஆமாங்க ஐயா. பிள்ளைங்களுக்கு முகத்தக் காட்ட வேற வழியில்ல."

அவர் கையிலிருந்த தொப்பியைச் சுழற்றினார். "மியூரியல் பெட்டியில உக்காந்துட்டாளே, அதுக்கு மார்க் குறைப்பீங்களா?"

"குறைப்பேன். ஆனா அடுத்த வருஷம் தாண்டிடுவா."

"அப்ப அடுத்த வருஷம் நீங்க இருக்கணும்." தொப்பியைத் தலையில் வைத்தார். "ஒண்ணு மட்டும். அடுத்த தடவை எங்க நாற்காலியப் பக்கவாட்டுச் சுவரோரமாப் போடுங்க. யாரும் யாருக்கும் முதுகு காட்ட வேண்டாம்."

சார்ஜண்ட் அவளோடு வாசல் வரை நொண்டிக்கொண்டே வந்தார். ஏரிக்காற்று அடித்தது.

"வாங்க, வீடு வரைக்கும் வரேன். எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்," என்று சொல்லிவிட்டு எஃபி வலது பக்கம் திரும்பி நடந்தாள். சார்ஜண்ட் இடது பக்கம் போய்ப் பாதித் தெருவில் நின்று திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து அவர் கத்தியது தானியக் கிடங்கு வரை கேட்டிருக்கும்.

எஃபி டோல்மி அந்தப் பள்ளியில் 1961 வரை இருந்தாள். மியூரியல் மறு வருடம் பெட்டியைத் தாண்டினாள். ஐனோ டொரண்டோவுக்குப் போய் அதே படிப்புப் படித்துவிட்டு, அதே குழப்பத்தோடு திரும்பி வந்தாள். அதன்பின் இருவரும் சேர்ந்து நடந்தால் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். பழைய மாணவிகள் வழியில் மிஸ் டோல்மியைப் பார்த்தால் வழி மட்டும் கேட்க மாட்டார்கள். ஆண்டுக் காட்சியில் பிரமுகர்களின் நாற்காலிகள் இன்றும் பக்கவாட்டுச் சுவரோரமாகத்தான் போடப்படுகின்றன. புதிதாக வரும் குழுத் தலைவர்கள் காரணம் கேட்பார்கள். சிலர் காற்றோட்டத்துக்காக என்று சொல்லிவிடுகிறார்கள். காரணம் காற்றோட்டம் அல்ல.