வாகனத்துக்குள் ஒரு பலகை

எங்கள் பள்ளிக்கூட வாசலில் நின்ற மஞ்சள் பலகையை, றிவேர்ஸ் எடுத்த மணல் லொறி ஒன்று சாய்த்துவிட்டுப் போனது. இரண்டு பிள்ளைகள் வீதியைக் கடக்கிற படம் போட்ட பலகை. அதைத் திரும்ப நட்டுத் தரச் சொல்லி வீதிக் கந்தோருக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒரு வரி பதில் இல்லை. முதலாம் வகுப்புப் பிள்ளைகளை அந்த வீதியைக் கடக்க விடுகிறவள் நான். நான்காவது தடவை நேரிலேயே போனேன். பள்ளிக்கூடம் விடுமுன் வந்துவிடுவேன், என்னைக் காணும்வரை ஒருவரும் கடக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

அங்கிருந்த அதிகாரி மிகவும் மரியாதையாகக் கதைத்தார். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ரீச்சர், இனிப் பலகையெல்லாம் தேவையில்லை. வாகனத்துக்குள்ளையே காட்டும். வாங்கோ, உங்களைப் பள்ளிக்கூடத்திலை இறக்கிற மாதிரியும் இருக்கும், காட்டின மாதிரியும் இருக்கும்."

தன் பிக்கப்பில் முன்னால் ஏற்றினார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு திரை. இது துருப்பிடிக்காது, இதை லொறி இடிக்காது என்று வழி முழுக்கப் புகழ்ந்தார். சைக்கிளிலும் உழவு இயந்திரத்திலும் வருகிறவனுக்கு எது காட்டும் என்று கேட்டேன். "அதுவும் வரும் ரீச்சர்," என்றார்.

சந்தி தாண்டியதும் திரையில், பிள்ளைகள் கடக்கிற படத்தோடு மஞ்சள் முக்கோணம் வந்தது. மணியும் அடித்தது. "பாத்தீங்களோ!" என்று வேகத்தைக் குறைத்தார். நான் வெளியே பார்த்தேன். ஒரு கல்யாண மண்டபம். வாசலில் ஒரு ஆடு நின்றது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இடம்பெயர்ந்திருந்த காலத்தில் அந்தக் காணியில்தான் தகரக் கொட்டில் போட்டுப் படிப்பித்தோம். இராணுவம் எங்கள் காணியை விட்ட பிறகு, வாங்கு மேசைகளை ஏற்றிக்கொண்டு ஊர் திரும்பி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இந்தத் திரைக்கு மட்டும் நாங்கள் இன்னும் இடம்பெயர்ந்தவர்கள்.

"சேர், பள்ளிக்கூடம் இஞ்சை இல்லை. நாங்கள் ஊருக்குத் திரும்பிப் போட்டம்."

"அப்பிடியோ? மேலிடத்துக்கு எழுதித் திருத்தலாம்."

சொல்லிக்கொண்டே வேகத்தைக் கூட்டினார். ஒரு கை திரையை நோண்டிக்கொண்டிருந்தது. கந்தோரில் என்னைக் காக்க வைத்ததில் நேரம் போய்விட்டது, பள்ளிக்கூடம் விட்டிருந்தது. எங்கள் வாசல் வந்தது. திரை ஒன்றும் சொல்லவில்லை.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன்.

வாசலைத் தாண்டித்தான் வாகனம் நின்றது. வீதியின் நடுவில் ஒரு சின்னப் பெண் தண்ணீர்ப் போத்தலைக் கட்டிப் பிடித்தபடி நின்றாள். வாகனம் விலகியதா, அவள் பின்வாங்கினாளா, எனக்கு இன்றுவரை தெரியாது.

இறங்கி ஓடினேன். அந்த மனிதரைக் கிழிக்க வாய் நிறையச் சொல் இருந்தது. அதற்குள் அவள் என் கையைப் பிடித்துவிட்டாள்.

"ரீச்சர், உங்களை உந்த வாகனத்துக்குள்ளை கண்டுதான் நான் கடந்தனான். நீங்கள் நிப்பாட்டுவியள் எண்டு நினைச்சன்."