கொண்டையில் பென்சில் செருகியவள்

இன்னும் இருபது வருடத்தில் நாட்டுக்கு எந்த இயந்திரம் வேண்டும் என்று விசாரித்துத் திட்டம் போட, அரசாங்க அலுவலகமான கச்சேரியிலிருந்து ஒருத்தி எங்கள் மீன்பிடி ஊரான பனிச்சங்கேணிக்கு வந்தாள். என் வயதுதான்; மடிப்புக் கலையாத சேலை. எழுதி முடித்ததும் பென்சிலைக் கொண்டையில் செருகுவாள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறெரிந்தது.

"அரசாங்கத்திட்ட காசு குறைவு. ஊருக்கு ஒண்டுதான் கேக்கலாம்," என்றாள்.

ஆண்களெல்லாம் தோணிக்கு மோட்டர் என்றார்கள். மீனுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்த என்னிடம் திரும்பினாள்.

"அக்கா, நீங்க சொல்லுங்க."

"அஞ்சாம் வகுப்புக்காரிக்கு என்ன தெரியும்?" என்று என் புருஷன் சிரித்தார்.

"ஐஸ் மெசின்," என்றேன். "மோட்டர் வந்தா மீன் கூடப் படும். லொறி வாறதுக்குள்ள அவ்வளவும் அழுகிப்போகுமே."

அவள் மோட்டர் என்று எழுதியிருந்ததை வெட்டிவிட்டு ஐஸ் என்று எழுதினாள்.

அவளுடைய சேலையின் மேல் இருந்த பொறாமை அன்றே போய்விட்டது. இருபது வருடம் தள்ளி யோசிப்பதற்கு அவளுக்குச் சம்பளம் கொடுத்தார்களே, அந்தப் பொறாமை இன்னும் போகவில்லை.