டெக்குக்கு அடியில் குனிந்து பார்த்தவள்

இந்த ஊரில் யாரும் வீட்டுக்கு முன்னால் உட்காருவதில்லை. தெருவைப் பார்த்த வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள். காற்று வாங்குவது, சாப்பிடுவது, சிரிப்பது எல்லாம் கொல்லைப்பக்கத்தில், வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டிய மரமேடையில்தான். அதற்கு டெக் என்று பெயர். கனடாவுக்கு வந்து ஐந்து வருடமாகிறது. வீடு வாங்கப்போகிறவர்களுக்காக அந்த வீட்டைச் சோதித்து எழுதிக்கொடுப்பது என் வேலை. அதனால் பக்கத்துத் தெருக்காரர்களின் முகத்தைவிட அவர்கள் வீட்டு டெக்கின் அடிப்பக்கம் எனக்கு நன்றாகத் தெரியும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், என் முதலாளி மார்க் ஒரு டெக்கின் மேல் நின்றுகொண்டு, "லெட்ஜரைப் பார்த்தாயா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் ஓடிப்போய் அவருடைய வேனிலிருந்து கணக்குப் புத்தகத்தை எடுத்துவந்து நீட்டினேன். அவர் புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு கீழே கூட்டிப்போய்க் காட்டினார். டெக்கை வீட்டுச் சுவரோடு பிடித்து நிறுத்தும் நீளப் பலகைக்குத்தான் இங்கே லெட்ஜர் என்று பெயர். அது சுவரைவிட்டு வந்துவிட்டால் மேலே நிற்கிற அத்தனை பேரும் கீழேதான். அன்று சாயங்காலம் இதைச் சொல்லிச் சிரிக்க ஆள் தேடினேன். ஊரில் அப்போது விடிந்திருக்கவில்லை.

கவிதாவை இந்தியக் கடையில்தான் பார்த்தேன். வெங்காயம் பொறுக்கிக்கொண்டே போனில், "வூட்டுக்கு வந்து பேசுறேன்" என்றாள். அந்த 'வூடு' என்ற சொல்லுக்குத்தான் திரும்பினேன். அவளுக்கு ஜெயங்கொண்டம் பக்கம், அவள் கணவன் இளங்கோவுக்கு அரியலூர். நான் குன்னம் என்றதும் அவளுடைய பெரியம்மாவையே அங்கேதான் கொடுத்திருக்கிறார்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு எனக்கு அவர்கள் வீட்டில்தான். சாப்பிட்டுவிட்டு அப்படியே கூடத்தில் படுத்துவிடுவேன். யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தத்தைக் கேட்டபடி பகலில் தூங்குவதன் சுகம், தனியாக இருக்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

இந்த வருடம் அவர்கள் ஒரு வீடு பார்த்தார்கள். பழைய வீடு. யாரோ வாங்கி, புதுச் சமையலறை, புதுத் தரை, புதுச் சாயம் எல்லாம் போட்டு விற்பனைக்கு வைத்திருந்தார்கள். இளங்கோவின் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தார்கள். அவர்கள் திரும்பிப் போவதற்குள் பால் காய்ச்சிக் குடிபோய்விட வேண்டும் என்று அவனுக்கு அவசரம். வீட்டைப் பார்த்து எழுதித்தர என்னையே கூப்பிட்டான்.

வீடு சரிவில் இருந்தது. பின்கதவைத் திறந்தால் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே பெரிய டெக். தேன் நிறத்தில் பலகைகள் மின்னின. கவிதா அதன் நடுவில் நின்று கைகளை விரித்துக் காட்டினாள்.

"இங்கயே ஓமம் வளத்துப் பாலும் காய்ச்சிடலாம்க்கா. உள்ள பொகை வந்தா அலாரம் கத்தும். அறுவது பேரு தாராளமா நிக்கலாம்."

நான் கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தேன். பல் ஆடுவதுபோல் ஆடியது. கீழே இறங்கிக் குனிந்தேன். மேலே போட்ட பலகைகள்தான் புதியவை. அவற்றைத் தாங்கிய சட்டங்கள் பழையவை, கறுத்துப்போனவை. லெட்ஜரைச் சுவரோடு முடுக்க வேண்டிய கனமான போல்ட்டுகள் ஒன்றுகூட இல்லை, வெறும் ஆணிகள். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்க மேலே செருக வேண்டிய தகடும் இல்லை. அந்தப் பலகையில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். வெந்த சேனைக்கிழங்கில் இறங்குவதுபோல் பாதிவரை இறங்கியது. டெக்கைத் தாங்கிய மரக்கால்களில் இரண்டு அஸ்திவாரமே இல்லாமல் தரையில் கிடந்த நடைபாதைக் கல்லின்மேல் நின்றன. குளிர்காலத்தில் இங்கே மண் உறைந்து மேலே எழும்பும். கல்லும் எழும்பும், காலும் எழும்பும்.

இளங்கோவைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் முகம் வாடியது. பிறகு டெக்கைப் பற்றி மேலோட்டமாக எழுதும்படியும், விசேஷம் முடிந்ததும் பிரித்துக் கட்டிக்கொள்வதாகவும் சொன்னான்.

"கவிதாகிட்ட இப்ப சொல்லிடாதீங்கக்கா. பயந்து வூடே வேணாம்னுடுவா. எங்கப்பா கண்ணால பாத்துட்டுப் போவட்டும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அப்படிச் சொன்னதே தப்பு என்று காரில் ஏறியதும் தெரிந்தது.

சிவில் டிப்ளமோ முடித்து நான் முதலில் மேற்பார்வைக்கு நின்ற கட்டடம் குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு. கட்டியவர் என் சித்தப்பா. முன்பக்கம் போர்ட்டிகோவுக்குத் தளம் போட்டிருந்தோம். முட்டுக்கொடுத்த கம்பும் பலகையும் வேப்பந்தட்டையில் இன்னொரு வேலைக்கு வேண்டுமென்று தளம் இறுகுமுன்னே பிரித்துவிட்டார். தளம் சுவரைச் சேருமிடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் ஓடியதைக் காலையிலேயே பார்த்தேன். ஆட்களுக்கு முன்னால் சித்தப்பாவைக் கேட்க வாய் வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மதியம், கலவை போடும் செல்வி அந்த நிழலில் தூக்குவாளியைத் திறந்து வைத்துச் சாப்பிட உட்கார்ந்தாள். தளம் இறங்கிவிட்டது.

உயிர் பிழைத்தாள். இடுப்பெலும்பு போயிற்று. எங்கள் வீட்டில் எல்லோரும் சித்தப்பாவுக்கு வந்த கெட்ட நேரத்தைப் பற்றியே பேசினார்கள். நான் பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் செல்வியின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, அந்த விரிசலைக் காலையிலேயே பார்த்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. மேலே சுற்றிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருந்தா நவுந்து உக்காந்திருப்பேன்ல பாப்பா" என்றாள்.

கனடாவுக்கு ஏன் வந்தாய் என்று கேட்கிறவர்களிடம் படிப்பு, வேலை என்று சொல்கிறேன். அந்த ஊரில் அதற்குப் பிறகு எந்தத் தளத்துக்குக் கீழும் என்னால் நிம்மதியாக நிற்க முடியவில்லை என்பதைச் சொல்வதில்லை.

அறிக்கையில் எல்லாவற்றையும் படத்தோடு எழுதினேன். டெக்கின்மேல் யாரும் நிற்கக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே போட்டேன். இருவருக்கும் அனுப்பிவிட்டு நேரிலும் போனேன். கவிதா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இளங்கோதான் பேசினான்.

"நம்மூரு ஆளுன்னுதான் ஒங்கள கூப்புட்டேன். வெள்ளக்காரனே பரவால்ல போலருக்கு."

அவன் அப்பா உள் அறையிலிருந்து யார் வந்திருப்பது என்று கேட்டார். ஆபீஸ் ஆள் என்று பதில் சொன்னான். அதற்குமேல் அங்கே உட்காரத் தோன்றவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கூப்பிடவில்லை. அடுத்ததும் இல்லை. விலையைக் கொஞ்சம் குறைத்துப் பேசி அதே வீட்டை வாங்கிவிட்டார்கள் என்று கடைக்காரர் சொல்லித் தெரிந்தது. குடிபுகும் நாளையும் அவரே சொன்னார், எனக்கு அழைப்பு வந்திருக்கும் என்ற நினைப்பில். அன்று காலை முழுவதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு என் அறையில் உட்கார்ந்திருந்தேன். அறுபது பேர். எந்த ஆணி எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். கவிதாவுக்கு இரண்டுமுறை அடித்தேன், எடுக்கவில்லை.

பத்து நாள் கழித்து இளங்கோவின் அம்மாவைக் கடையில் பார்த்தேன். ஊருக்குக் கொண்டுபோகச் சாமான் வாங்க வந்திருந்தார். நான் ஏன் வரவில்லை என்று கோபித்துக்கொண்டார். அவருக்கு எதுவும் தெரியாது.

"பாலு உள்ளதாம்மா காய்ச்சுனோம். அந்த அலாரம் கத்து கத்துன்னு கத்துது. கவிதா ஒருத்தரையும் பின்னால வுடல. கதவுக்குக் குறுக்க கட்டிலப் போட்டு அதும்மேலயே உக்காந்துகிச்சு. எதுக்குன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குது."

அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய்க் கொஞ்சநேரம் நின்றேன்.

போன வாரம் அவர்களுக்கு அடுத்த வீட்டைச் சோதிக்கும் வேலை வந்தது. வேலிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்தேன். டெக் இல்லை, முழுவதும் பிரித்துவிட்டிருந்தார்கள். பின்கதவு மட்டும் ஓர் ஆள் உயரத்துக்கு மேலே சுவரில் இருந்தது. யாரும் தவறி இறங்கிவிடாமல் குறுக்கே ஒரு பலகை அடித்திருந்தது. கதவுக் கண்ணாடிக்குப் பின்னால் கவிதா நின்றிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

கையைத் தூக்கி, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, விரல்களை இரண்டுமுறை அசைத்தாள். எங்கள் ஊரில் அப்படி அசைத்தால் வா என்று அர்த்தம். இங்கே அப்படி அசைத்தால் சரி, போய் வா என்று அர்த்தம். அவளும் இங்கே வந்து எட்டு வருடமாகிவிட்டது. அது எந்த ஊர்க் கை என்று தெரியாமல், ஈர மண்ணில் பூட்ஸ் புதைய அண்ணாந்து பார்த்தபடி நின்றிருந்தேன்.