ஊறப்போட்ட வைக்கோல்

சந்தேகம் என்னோடு கூடப்பிறந்தது. பால்காரர் கண்ணெதிரே கறந்து ஊற்றினாலும் பாலில் விரலை விட்டுப் பார்ப்பேன். கும்மிடிப்பூண்டிக்குக் குடிவந்த அன்றே பக்கத்து வீட்டுக்காரி சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். இவளுக்கு நம்மிடம் என்ன வேண்டியிருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றியது.

வீட்டுக்குப் பின்னால் கொல்லை இருந்ததே தவிர அதில் மண் இல்லை. சாம்பலும் செங்கல் உடைசலும் கொட்டி நிரவியிருந்தார்கள். என் வீட்டுக்காரர் ஒரு கம்பெனியில் தற்காலிக வாட்ச்மேன். சித்திரையில் நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதுவரை கெட்ட பேர் மட்டும் வரக்கூடாது. பெட்டிகளில் வரும் கண்ணாடிச் சாமானுக்கு அணைப்பாக வைக்கிற வைக்கோல், கட்டுக் கட்டாக அங்கே மழையில் நனைந்து கிடந்தது. கேட்டு வாங்கி ஆறு கட்டு கொண்டுவந்து போட்டார். அவற்றைத் தரைமேல் அடுக்கி, சாணிக்கரைசல் ஊற்றி, சாக்குப் போட்டு மூடினேன். மக்கியதும் அதிலேயே குழி பறித்துக் கத்தரி நடுவதாக யோசனை.

நாலாம் நாள் காலை சாக்கைத் தூக்கினால் ஆவி பறந்தது. கை வைக்க முடியாத சூடு, குப்பென்று புளித்த வாடை. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா வாடை இது?"

"ஊறல் போட்டுக்கீறேன்," என்றேன்.

வைக்கோலை ஊறப்போட்டிருக்கிறேன் என்று சொல்லவேண்டியது, வாய்த்துடுக்கில் அப்படி வந்துவிட்டது. மதுவிலக்கு மறுபடி வந்திருந்த சமயம். ஊறல் என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான், சாராயத்துக்குப் போடுவது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். முகம் கழுவிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்கூட நிமிர்ந்து பார்த்தார்.

மறுநாளே இரண்டு போலீஸ்காரர்கள் கம்பியோடு வந்தார்கள். "பானையை எங்கம்மா பொதச்சிக்கீறே?" என்று ஆறு கட்டையும் குத்திப் பிரித்து எறிந்தார்கள். கறுத்த வைக்கோலும் காளானும்தான் வந்தன. "அது வெறும் வைக்கல்தான் சார், நான்தான் தெனமும் பாக்குறேனே," என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கத்தினாள். போலீஸில் போட்டுக்கொடுத்துவிட்டு நடிக்கிறாள் பார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தவளோடு என்ன பேச்சு? அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

பிரித்த கட்டை மறுபடி கட்ட முடியுமா? உடைந்த செங்கலை முழங்கால் உயரம் அடுக்கி, அந்த மக்கல் வைக்கோலை உள்ளே கொட்டி மிதித்து, மேலே ஏரி வண்டலைப் பரப்பினேன். பங்குனியில் கத்தரி காய்த்துக் குலுங்கியது. "நல்லா காச்சிக்கீதுக்கா," என்று அவள் சுவருக்கு மேல் சொல்வாள். ஒரு காய் கொடுத்ததில்லை.

சித்திரையில் வேலை நிரந்தரமாயிற்று. அன்று கத்தரிக்காய்க் குழம்பை இரண்டாம் தரம் ஊற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "போலீஸாண்ட சொன்னது நான்தான்மே."

குழம்புச் சட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"நீயே ஊறல்ன்னு சொன்னே. வைக்கல் கொணாந்தது நானு. முந்திக்கினு சொல்லிட்டா என் பேராவது தப்பிக்கும்னு பாத்தேன்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டா இல்லன்னுதானே சொல்லுவே."

ஊரையே சந்தேகப்பட்ட எனக்கு இந்த மனிதரைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. அவமானமாக இருந்தது. எழுந்துபோய் மடி நிறையக் கத்தரிக்காய் பறித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

அவள் சிரிக்கவில்லை. ஒரு காயை எடுத்துக் காம்பைத் திருப்பி, புழு இருக்கிறதா என்று பார்த்தாள்.

"இன்னாக்கா, திடீர்னு?" என்றாள்.