வாசல் பம்பர், கடைசிச் சுவர் டெயில் லைட்

நல்ல வேலைக்காரர் ஒருவரை லாயக்கில்லாதவர் என்று எழுதிக் கொடுத்தவன் நான். லாயக்கில்லாமல் இருந்தது என் புரோகிராம்!

எண்பதுகளில் நாமக்கல்லில் ஒரு லாரி கம்பெனி கம்ப்யூட்டர் வாங்கியது. ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோருக்குப் புரோகிராம் எழுதப் போனேன். அந்த வெயிலில் கழுத்தில் டை வேறு... அதையும் மன்னித்துவிடுங்கள்.

ஸ்டோர் கீப்பர் செங்கோடன், என்ன கேட்டாலும் அரை நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பார். நான் என்ன செய்தேன்? ஒவ்வொரு சாமானுக்கும் எட்டு இலக்க நம்பர் கொடுத்தேன். ரேக்குகளையும் நம்பர் வரிசையில் மாற்றினேன்.

மறுநாள் ஸ்டோர் வாசலில் டிரைவர்கள் கூட்டம். செங்கோடன் திணறினார்.

"ஏனுங்க சார், பின்சக்கரத்துப் பேரிங் எங்கீங்க?"

"நம்பரை அடியுங்கள், கம்ப்யூட்டர் சொல்லும்."

"நம்பர் தெரிஞ்சா அதுகிட்ட எதுக்குங்க கேக்கறேன்?"

டிரைவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. தாமதம் ஏன் என்று முதலாளி கேட்டதும், 'ஆள் சரியில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். செங்கோடனை கேட்டுக்கு வாட்ச்மேனாக அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து நான் கேட்டைத் தாண்டும்போது, ஒரு டிரைவர் செங்கோடனிடம் புலம்பிக்கொண்டிருந்தான். "மாமா, புது ஆளுக்கு கிளட்ச் பிளேட் எங்கிருக்குன்னே தெரியல. நீங்க எங்க வெச்சிருந்தீங்க?"

"எங்க வெப்பேன்? வாசல்தான் பம்பரு. உள்ள போனா இஞ்சின், அதுக்குப் பின்னால கிளட்ச்சு. கடைசிச் செவுரு டெயில் லைட்டு. லாரில இருக்கற எடத்துலதான் சாமி ஸ்டோர்லயும் இருக்கும்... இப்ப சார் எங்க வெச்சாரோ!"

அப்படியே நின்றுவிட்டேன். அவருடைய ஸ்டோரே ஒரு லாரி! அதைத்தான் நான் பிரித்துப் போட்டிருக்கிறேன். செங்கோடன் என் கம்ப்யூட்டரைப் போல யோசிக்க வேண்டும் என்று எதிர்பார்த்தேனே... கம்ப்யூட்டர் அல்லவா செங்கோடனைப் போல யோசித்திருக்க வேண்டும்?

முதலாளியிடம் போய், "தப்பு என்னுடையது" என்றேன். ரேக்குகளைப் பழைய இடத்துக்கே நகர்த்தினோம். புரோகிராமையும் திருத்தி எழுதினேன். கோடுகளும் புள்ளிகளுமாகத் திரையில் ஒரு லாரி வரும். கர்சரைச் சக்கரத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் சக்கரத்துச் சாமான்களின் பட்டியல் வரும். நம்பரே வேண்டாம்.

செங்கோடன் ஸ்டோருக்குத் திரும்பிய அன்று அவரைத் திரையின் முன் உட்கார வைத்து, "மன்னிச்சிடுங்க" என்றேன்.

 அவர் பம்பரிலிருந்து டெயில் லைட் வரை திரையில் விரலை ஓட்டினார்.

"ஸ்டெப்னியக் காணோமே சார்! இந்த வண்டிய ஓட்டிக்கிட்டு ஈரோடாவது போய்ச் சேருவீங்களா?"

டையைக் கழற்றி வைத்துவிட்டு, திரையில் இருந்த லாரிக்கு ஸ்டெப்னியை மாட்டினேன்.