தனிக் கூண்டில் இருந்த ஆண் வாத்து

"வாத்துதானே" என்று சொல்பவர்களிடம் இப்போதெல்லாம் நான் பேச்சை வளர்ப்பதில்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் காது சூடாகிவிடுகிறது. நடந்து ஐந்து மாதம் ஆகிறது. யார் மேல் இவ்வளவு ஆத்திரம் என்று கேட்டால் மூன்று பேரைச் சொல்வேன். அதில் ஒருத்தி நான்.

எங்கள் வீடு ஜெலுத்தோங்கில் வரிசை வீடுகளின் கடைசி வீடு. அதனால் பக்கவாட்டில் கொஞ்சம் புல்தரை உண்டு. மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. கல்லூரியில் சேர்ந்த மூன்றாவது மாதம் விடுமுறைக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டைக் கதவோரம் வைத்துவிட்டு, அதை எடுக்கும் சத்தம் கேட்கிறதா என்று நான் மாடிப்படியில் உட்கார்ந்திருந்த நாட்கள் ஏராளம். வேலைக்குப் போனாலும் மனம் அந்தப் படியிலேயேதான் இருக்கும். மதிய உணவு நேரத்தில் வீட்டுக்குப் போன் செய்வேன். எடுக்கமாட்டாள். உடனே காரை எடுத்துக்கொண்டு ஓடிவருவேன். இப்படி ஏறக்குறைய ஒரு வருடம்.

அவளை வெளியே கொண்டுவந்தது டாக்டர் கொடுத்த மாத்திரையா, வாத்துகளா என்று எனக்குத் தெரியாது. என் கண்ணால் பார்த்தது வாத்துகளை. கைப்பேசியில் எங்கோ பார்த்துவிட்டு, பாலிக் புலாவில் இருந்த ஒருவருக்கு அவளாகவே போன் செய்து, அடைவைக்க முட்டை இருக்கிறதா என்று கேட்டாள். பல மாதங்களில் வெளியாள் ஒருவரிடம் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. நான் சமையலறையில் அரிசி களைந்த கையோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஜாவா வாத்து என்று இங்கே சொல்வார்கள். மற்ற வாத்துகளைப் போல ஆடி அசைந்து நடக்காது. போத்தலுக்குக் கால் முளைத்தது போல நிமிர்ந்து நின்று ஓடும். பழைய இனம். இப்போது பண்ணைகளில் இருப்பதெல்லாம் கலப்பு என்பதால் அந்த நிமிர்வும் நிறமும் கெட்டுவிட்டதாம். தவிட்டு நிறமும் வெள்ளையும் கலந்த அசல் வகையை மீட்டெடுக்க வேண்டும் என்பது அவள் எண்ணம். தலையில் தொப்பி போல ஒரு தவிட்டுப் பட்டை. கழுத்து முழுக்க வெள்ளை. நெஞ்சில் வெள்ளை முடிந்து தவிட்டு நிறம் தொடங்கும் இடம் அடிக்கோல் வைத்து வெட்டியது போல நேராக இருக்க வேண்டும். முதுகில் தலைகீழாக ஒரு இதய வடிவம். இதில் ஒன்று சரியாக வந்தால் இன்னொன்று கோணலாகிவிடும். காலில் வளையம் மாட்டி எண் கொடுத்து, எதை எதோடு சேர்த்தாள், என்ன குஞ்சு வந்தது என்று நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்து வைத்திருந்தாள். பெயர் எதற்கும் வைக்கவில்லை. எண்கள்தான்.

தேறாதவற்றைக் கழிப்பதும் அவளேதான். "எல்லாத்தையும் வெச்சிருக்க எடம் இல்ல லா ம்மா" என்பாள். அவற்றை என் கணவரின் அண்ணன், குடும்பத்துக்குப் பெரியவர், பாலத்தைத் தாண்டிச் செபராங் ஜெயாவிலிருந்து வந்து இரண்டு முறை குழம்புக்கு வாங்கிப்போனார். எவை என்று பார்த்து மகள்தான் இரண்டு முறையும் பிடித்துக் கொடுத்தாள்.

பதினேழாம் எண் மூன்றாம் தலைமுறையில் வந்த ஆண் வாத்து. அதன் இறகு முழுதாக வளர்ந்த அன்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினாள். "பாருங்க ம்மா, நெஞ்சுக் கோட்டப் பாருங்க. எவ்ளோ நீட்டா இருக்கு!" நான் நெஞ்சுக் கோட்டைப் பார்க்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்த அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றே வாத்தையும் ஒழுங்காகப் பார்த்துவைத்திருக்கலாம்.

அந்தச் சனிக்கிழமை கணவர் அவளை டாக்டரிடம் அழைத்துப்போயிருந்தார். வழியில் காரிலிருந்து எனக்குப் போன் செய்தார்.

"அண்ணன் கூப்பிட்டாரு. மாப்பிள்ளைக்கு விருந்தாம், இன்னிக்குச் சாயந்திரம். வாத்து ஒன்னு வேணுமாம். வேண்டாததா பாத்து ஒன்னு குடுத்துடு."

"எதுன்னு அவளக் கேளுங்க."

"காதுல பாட்டு கேட்டுட்டிருக்கா. நீயே பாத்துக் குடு லா. அண்ணன் கிளம்பிட்டாரு."

பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்த பெண்ணின் தோளைத் தொட்டுக் கேட்க அவருக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். அண்ணன் கேட்டுவிட்டார், அவ்வளவுதான். அந்த வீட்டில் அண்ணன் கேட்டு இவர் இல்லை என்று சொன்னதை எங்களுக்குக் கல்யாணமான இருபத்து நான்கு வருடத்தில் நான் பார்த்ததில்லை. சரி, நானாவது திரும்ப அழைத்து அவளிடம் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். பெரிய அடைப்பில் இருந்த வாத்துகள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. தனியாக ஒரு சின்னக் கூண்டில் ஒன்று மட்டும் கிடந்தது. இறகு கலைந்து, நெஞ்சில் கோடும் இல்லாமல் நிறமும் இல்லாமல், நனைந்த தரைத்துணி போல. நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை செய்கிறேன். வரிசையிலிருந்து பிரித்துத் தனியாக ஒரு பொருளை வைத்திருந்தால் அது கழித்தது. அதை யோசிக்கவே மாட்டோம், கை தானாக எடுத்துப் போட்டுவிடும். அன்றும் கை தானாகத்தான் போனது. காலில் இருந்த வளையத்தைப் பார்த்தேன். எண்ணைப் படிக்கவில்லை.

"என்னம்மா, இவ்ளோ ஒல்லியா இருக்கு, பட்டினி போட்டீங்களா?" என்று சிரித்துக்கொண்டே பெரியவர் அதை அட்டைப் பெட்டிக்குள் அடைத்தார். "பரவால்ல, மசாலா போட்டா எல்லாம் சரியாயிடும்."

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் அடங்காத எரிச்சல்.

மூன்று மணிக்கு மகள் வந்தாள். நேராகப் பின்பக்கம் போனாள். அடுத்த நிமிடம் சமையலறை வாசலில் நின்றாள்.

"தனியா இருந்தது எங்க?"

சொன்னேன். அவள் முகத்தில் ஒன்றுமே அசையவில்லை.

"அது பதினேழு ம்மா. இறகு கொட்டுது. ஆண் வாத்துக்கு வருசா வருசம் இப்படிக் கலர் போகும், அப்புறம் வரும். புது இறகு முளைக்கும்போது மத்தது கொத்துமேன்னு தனியா வெச்சேன்."

உடனே கிளம்பினோம். பாலத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றன. கணவர் அண்ணனுக்குப் போன் செய்துகொண்டே இருந்தார், யாரும் எடுக்கவில்லை. பின் இருக்கையில் அவள் வெளியே கடலைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் கண்ணாடி வழியாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு திரும்பியதும் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும், இந்த முறை திறக்காது என்ற ஒரே பயம்தான் என்னிடம் இருந்தது.

போய்ச் சேர்ந்தபோது பின்பக்கச் சமையலறையில் அதை வெந்நீரில் முக்கி, இறகு பிடுங்கி, துண்டு போட்டிருந்தார்கள். பெரியவரின் மனைவி மஞ்சள் தடவிக்கொண்டிருந்தார். கழற்றிக் கழுவிய வளையம் தொட்டி விளிம்பில் இருந்தது. மகள் அதை எடுத்துக் கையில் மூடிக்கொண்டாள்.

"அய்யோ, இதுக்கா இவ்ளோ தூரம் ஓடி வந்தீங்க?" என்றார் பெரியவர். கூடத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்ததால் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். "வாத்துதானே லா. பசார்ல கிடக்குது, நாளைக்கே ரெண்டு வாங்கித் தர்றேன். உக்காருங்க, சாப்பிட்டுப் போங்க."

கணவர் உட்காரப்போனார். நிஜமாகவே நாற்காலியை இழுத்தார். மூன்று வருட உழைப்பு என்று சொல்ல நினைத்தேன். இவள் உயிரோடு நடமாடுவதே இதனால்தான் என்று கத்த நினைத்தேன். மாப்பிள்ளை முன்னால் குடும்ப மானம் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். "இல்ல மாமா, வேல இருக்கு" என்று மட்டும் சொன்னேன். என் மானம் கெட்ட மரியாதை!

திரும்பும் வழியில் பாலத்தின் நடுவில் அவள் பேசினாள். பேசினாள் என்று சொல்லக்கூடாது. வண்டிக்குள் கண்ணாடி அதிரக் கத்தினாள்.

"நான் பக்கத்து சீட்லதானே பா உக்காந்திருந்தேன்! என்னைய ஒரு வார்த்த கேக்க முடியலயா? நீங்களும்தான் ம்மா. ரெண்டு பேரும் என்னைய எப்பவும் கேக்கறதே இல்ல. காலேஜ் சேத்தப்பவும் கேக்கல!"

கணவர் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்து, விண்ணப்பத்தை நிரப்பியது நான்தான்.

இரண்டு நாள் கதவு சாத்தியே இருந்தது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு மறுபடி மாடிப்படியில் உட்கார்ந்தேன். வாத்துகளுக்குத் தண்ணீர் ஊற்றி, தவிட்டைக் குழைத்துவைத்தேன். அவை என்னைக் கண்டு மூலைக்கு ஓடின. மூன்றாம் நாள் காலை ஆறு மணிக்குப் படியில் என்னைத் தாண்டி அவள் இறங்கிப் போனாள். கடை திறந்ததும் வெளியே போய் இரண்டு பூட்டு வாங்கிவந்தாள். அடைப்புக்கு ஒன்று, சின்னக் கூண்டுக்கு ஒன்று.

"எனக்கு ஒரு சாவி குடு, நீ தூங்கிட்டா நான் திறந்து விடறேன்" என்றேன்.

"வேணாம். உங்ககிட்ட இருந்தா, பெரியப்பா கேட்டா குடுத்துடுவீங்க."

பெற்றவளிடம் பேசும் பேச்சா என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அது பொய்யா என்றால் பொய் இல்லை. பதினேழின் குஞ்சுகளில் ஆண்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றுக்குத் தொண்டையில் கறை. இன்னொன்றுக்கு முதுகு வடிவம் சாய்ந்திருக்கிறது. மறுபடி இரண்டு தலைமுறையாவது ஆகும் என்று அவள் அப்பாவிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. வேறு யாராலும் திறக்க முடியாது என்பதால் தினமும் ஆறு மணிக்கு எழுந்தாக வேண்டும். எழுகிறாள்.

போன வாரம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரியவர் போன் செய்தார். மாப்பிள்ளைக்கு அந்தக் குழம்பு ரொம்பப் பிடித்துப்போய்விட்டதாம்.

கணவர் என்னைப் பார்த்தார். "கழிச்சது ஏதாச்சும்..." என்று ஆரம்பித்தார். அவர் கையிலிருந்து போனை வாங்கினேன்.

"சாவி எங்கிட்ட இல்ல மாமா. வாத்து அவளோடது. அவகிட்டயே கேளுங்க."

மகளிடம் நீட்டினேன். என்னை ஒரு கணம் பார்த்தாள். சாப்பிட்ட கையை மடித்துக்கொண்டு இடது கையால் வாங்கினாள்.

"இல்ல பெரியப்பா" என்றாள். அந்தப் பக்கம் நீளமாக ஏதோ கேட்டது. "இல்ல பெரியப்பா. தர முடியாது."

போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மீதிச் சோற்றைப் பிசைந்தாள். கணவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் ரசம் ஊற்றட்டுமா என்று அவளைக் கேட்டேன். வேண்டாம் என்றாள்.