இரண்டு பொட்டலத்திலும் சிவப்புப் பூ

போன ஆடி மாதம் என் மகள் தாரணி பள்ளிக்கூடப் பையைத் தோட்டத்துக் கிணற்றில் போட்டாள். மூன்றாம் வகுப்பு. "எனக்குத்தான் மூளையே இல்லியே, பை எதுக்குங்கப்பா?" என்றாள்.

மூளை இல்லை என்று அவளிடம் சொன்னது பள்ளிக்கூடத்தில் யாரும் இல்லை. நான்தான். கொல்லிமலையில் மிளகு போடுகிறவனுக்கு வேண்டியதைவிட அதிகமாகப் புத்தகம் வைத்திருக்கிறேன். குழந்தை வளர்ப்பு பற்றியே நாலு. நாலையும் படித்துவிட்டுத்தான் சொன்னேன்.

ஒரு வரி எழுதுவதற்குள் கோழியைத் துரத்த ஓடுவாள். திரும்பி வந்து, எழுத வரவில்லை என்று தேம்பித் தேம்பி அழுவாள். பிறகு வீட்டில் பேசுவதையே குறைத்துக்கொண்டாள்.

"டவுனுக்குக் கூட்டிக்கிட்டுப் போய் டாக்டர்கிட்டக் காட்டலாமுங்க" என்றாள் என் மனைவி செல்வி. பிள்ளைக்கு ஏதாவது வியாதிப் பெயர் வைத்து அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குப் பயம். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "அம்மனைக் கேப்போம்" என்றேன்.

நம் கோயிலில் பூ கேட்பது உங்களுக்குத் தெரியும். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒன்றில் சிவப்பு. அம்மன் காலடியில் வைத்து, குழந்தை கையால் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் டாக்டர், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று பேச்சு. பொட்டலம் மடித்தது நான். இரண்டிலும் சிவப்பு அரளியை வைத்தேன்.

அப்படி வைத்துவிட்டும் கண்ணை மூடி வேண்டினேன். "தாயே, என் பிள்ளைக்கு எது நல்லதோ அதைச் செய்." அது மட்டும் பொய்யில்லை.

"ஒண்ணு எடு, சாமி" என்றார் பூசாரி. எடுத்துப் பிரித்தாள். சிவப்பு. எனக்கு மூச்சு வந்தது. வேறு பிள்ளையாக இருந்தால் காரியம் அதோடு முடிந்திருக்கும். இவளால்தான் சும்மா நிற்க முடியாதே. பூசாரி திருநீறு எடுக்கத் திரும்புவதற்குள் அடுத்ததையும் பிரித்துவிட்டாள்.

"அப்பா, இதுலயும் செவப்புத்தானுங்க!"

பூசாரி என்னைப் பார்த்தார். "ஏப்பா, அத்தன பொஸ்தகம் படிச்சுப்போட்டு அம்மன்கிட்டயே இந்த வேலையா?"

செல்வி சத்தம் போடவில்லை. "திங்கக்கெழம மொத பஸ்ஸுக்குப் போறோமுங்க." பேச்சில் மரியாதை குறையவில்லை. பார்வையில்தான் குறைந்தது.

டாக்டரம்மா ஒரு மணி நேரம் தாரணியோடு தரையில் உட்கார்ந்து விளையாடினார். "பாப்பாவுக்குக் கவனம் ஒரு எடத்துல நிக்கறது சிரமமுங்க. சோம்பேறித்தனம் இல்லீங்க. மூளை இன்னும் வளந்துக்கிட்டுத்தான் இருக்குது. கொஞ்சம் கொஞ்சமாச் சொல்லிக் குடுங்க. திட்டாதீங்க." நான் பயந்த பெயரையும் சொன்னார். அது என் மகளைத் தின்றுவிடவில்லை.

"அப்ப எனக்கு மூளை இருக்குதுங்களாப்பா?" என்று தாரணி என்னைக் கேட்டாள். "இருக்குது கண்ணு. அப்பா சொன்னதுதான் தப்பு" என்றேன். நான் படித்த எதிலும் இல்லாத வாக்கியம்.

இப்போது ஐந்து வரி எழுதுவாள், காப்பிச் செடிகளைச் சுற்றி ஒரு ஓட்டம், மறுபடி ஐந்து வரி. கூட ஓடுவது நான். முழங்காலுக்குத் தனியாக வேண்டிக்கொண்டிருக்கிறேன். டீச்சரும் அவளைத் திட்டாமல் எழுந்து நடக்க விடுகிறார்.

போன வாரம் டாக்டரம்மா தரும் பயிற்சிக்காக பஸ்ஸில் மலை இறங்கும்போது, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பலகையிலிருந்த எண்ணைப் படித்துக்கொண்டே வந்தாள். எழுபதிலிருந்து ஒன்று வரை. ஒன்றைக்கூட விடவில்லை. அடிவாரத்தில் என் கண் நிறைந்துவிட்டது. "வளைவு முடிஞ்சுபோச்சுன்னு அழுவறீங்களா? திரும்பி வாரப்ப இருக்குதுல்லங்கப்பா" என்று தேற்றினாள்.

பிள்ளையை நினைத்துக் கலங்குகிறவர்களே, அம்மனிடம் வாருங்கள், கேளுங்கள். ஏமாற்ற வந்தவனுக்கே வழி காட்டியவள், உங்களைக் கைவிடமாட்டாள். பொட்டலத்தை மட்டும் என்னைப் போன்ற ஆளிடம் மடிக்கக் கொடுக்காதீர்கள்.